கரையில் மோரோக்கள்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களில் நானும் ஒருவன். ஸ்பெயினின் வலென்சியாத் துறைமுகத்தில் ஒருநாள், அந்நாட்டு அதிகாரி ஒருவர் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "நோ ஐ மோரோஸ் என் லா கோஸ்தா" என்றார். 'கரையில் மோரோக்கள் இல்லை' என்பது நேர்ப்பொருள். ஒட்டுக்கேட்க ஆளில்லை, இனிக் கதைக்கலாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எங்களோடு நின்ற மொரோக்கோப் பெடியனின் முகம் சுருங்கிவிட்டது.

வட ஆபிரிக்காவின் பழைய மௌரித்தானியாப் பகுதி மக்களுக்கு ரோமர் வைத்த பெயரிலிருந்து வந்த சொல் 'மோரோ'. 711இல் அந்தக் கரையிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. அவர்களின் கடைசி அரசான கிரனாடா 1492இல் வீழ்ந்தது. பிறகும் அல்ஜியர்ஸ் பக்கத்துக் கொள்ளைக் கப்பல்கள் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயின. அதற்காக 16ஆம் நூற்றாண்டில் கரை நெடுகக் காவற்கோபுரங்கள் கட்டினார்கள். அதிகாரி சொன்ன மரபுத்தொடர் பிறந்தது அந்தப் பயத்தில். ஸ்பானிய மொழியில் ஞானஸ்நானம் பெறாத குழந்தையும் 'மோரோ'. தண்ணீர் கலக்காத வைனும் 'மோரோ'. மனைவியைச் சந்தேகித்து அடக்கிவைக்கிற கணவனும் 'மோரோ'. இன்று மொரோக்கோவிலிருந்து கூலிவேலைக்குப் போகிறவனின் காதில் அது வசை.

அந்தப் பயம் சொல்லோடு நிற்கவில்லை. 1609க்கும் 1614க்கும் இடையில், கிறிஸ்தவராக மதம் மாறிவிட்ட முஸ்லிம் வழியினரில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரை ஸ்பெயின் அரசு நாடு கடத்தியது.

சொல் கப்பலேறியும் போனது. 1565இல் பிலிப்பைன்ஸில் குடியேறிய ஸ்பானியர், அங்கிருந்த முஸ்லிம்களையும் மோரோ என்றே அழைத்தார்கள். அந்த மக்கள் அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டு போராடினார்கள். 2019இல் அமைந்த தன்னாட்சிப் பகுதியின் பெயர் பாங்சமோரோ.

இலங்கைக்கு அதைக் கொண்டுவந்து இங்குள்ள முஸ்லிம்களுக்கு வைத்தவர்கள் போர்த்துக்கேயர். ஆங்கிலேயர் காலத்தில் அது 'மூர்' ஆகிக் குடிசன மதிப்பீட்டில் ஏறியது. தமிழில் அவர்களுக்குச் சோனகர் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், இவர்கள் இனத்தால் தமிழரே என்று ஆய்வுரை படித்தார். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதை மறுத்து எழுதினார். தங்களை எப்படி அழைப்பது என்பதை அவர்களிடமே விட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் வீட்டுக்குப் பழைய இரும்பு வாங்க வருகிற சோனகரை அம்மா "நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று மறிப்பார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெரு ஆளற்றுப் போனது. அயலவரான நாங்கள் உரத்துக் கேட்கவில்லை. துவக்குக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வேறு ஆக்கள்தானே என்று மனதுக்குள் ஆறுதல் தேடியவர்களும் இருந்தார்கள். இரண்டாவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். பலர் இன்னும் இடம்பெயர்ந்து போன புத்தளத்தில்தான் இருக்கிறார்கள்.