ஒரே விளையாட்டைப் பலமுறை வாங்குதல்: வீடியோ விளையாட்டுப் பண்டம் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பு சந்தைக்கு வந்ததும் பண்டத்தின் இயல்புகளைப் பெற்றுவிடுகின்றது என்பது மார்க்சியத் திறனாய்வில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் செய்தியாகும். நாவல், சினிமா, இசைத்தட்டு ஆகியன இந்நோக்கிலே விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், உலக வருவாயில் திரையரங்குச் சினிமாவை விஞ்சி நிற்கும் வீடியோ விளையாட்டு குறித்துத் தமிழில் எழுதுவோர் இன்னும் போதிய அக்கறை காட்டவில்லை. சிறுவரின் பொழுதுபோக்கு என்ற அலட்சியம் அதற்கு ஒரு காரணமாகலாம். இக்கட்டுரையில் அத்துறையினை முழுமையாக ஆராய நாம் புகவில்லை. அங்கு மிகச் சாதாரணமாக நிகழும் ஒரு தோற்றப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். ஒருவர், தாம் முன்னரே விலைகொடுத்து வாங்கி விளையாடி முடித்த அதே விளையாட்டை, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும், சிலவேளை ஐந்தாம் முறையும் வாங்குகின்றார். இது எவ்வாறு நிகழ்கின்றது?

பொதுவாகக் கூறப்படும் விடை, பழைமை மீதான ஏக்கம் என்பதாகும். இளமையில் விளையாடியதை நடுவயதில் நாடுகின்றனர். தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இவ்விளக்கம் காரணத்தை வாங்குபவரின் நெஞ்சுக்குள் வைத்துவிட்டு, விற்பவரை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றது. இளமையில் வாசித்த நாவலை நாற்பது வயதில் மீண்டும் வாசிக்க விரும்புபவர் அலுமாரியைத் திறந்தாற் போதும். ஏக்கம் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் அலுமாரிக்குப் போகையில் மற்றவர் ஏன் கடைக்குப் போகவேண்டியுள்ளது என்பதே வினா. இதற்கு உளவியல் விடைகூறாது. உற்பத்தி உறவுகளே விடைகூறும்.

நன்கறியப்பட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யப்பானின் நின்டெண்டோ கம்பனி 1983இல் தனது ஃபமிகொம் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அக்கருவிக்காக 1985 செப்ரெம்பரில் வந்ததே ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’. ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா ஆகியோர் வடிவமைக்க, கோஜி கொண்டோ இசையமைத்தார். எட்டு உலகங்கள், உலகமொன்றுக்கு நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். இவையனைத்தும் காட்ரிட்ஜ் ஒன்றினுள் வெறும் 40 கிலோபைற்றில் அடங்கின. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரு புகைப்படம் இதனினும் பன்மடங்கு பெரிது.

இந்த 40 கிலோபைற் பின்னர் கண்ட பிறவிகளை நோக்குவோம். 1993இல், அடுத்த தலைமுறைக் கருவிக்காகப் படங்கள் புதிதாக வரையப்பட்டு, வேறு மாரியோ விளையாட்டுகளுடன் சேர்த்து விற்கப்பட்டது. 1999இல் கையடக்கக் கருவியான கேம் போய் கலருக்குச் சில புதிய அம்சங்களுடன் வந்தது. 2004இல் கேம் போய் அட்வான்சுக்கு, இம்முறை பழைய உருவிலேயே, தனிக் காட்ரிட்ஜாக வந்தது. 2006இல் வீ என்னும் கருவியின் இணையக் கடையில் 5 டொலருக்குத் தரவிறக்கமாகக் கிடைத்தது. 2010இல் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பு இறுவட்டாக வந்தது. 2012இல் 3டீஎஸ் கருவியிலும், 2013இல் வீ யூ கருவியிலும் மீண்டும் ஏறத்தாழ 5 டொலர். 2016இல், 30 பழைய விளையாட்டுகளை உள்ளடக்கிய சிறு பெட்டியொன்றினுள் அதுவும் இருந்தது. 2018இல் சுவிட்ச் கருவிக்கான ஆண்டுச் சந்தாவுக்குள் புகுந்தது. 2020இல் உள்ளங்கையளவு பொம்மைக் கருவியொன்றாகவும் விற்கப்பட்டது. இப்பட்டியல் முழுமையானதன்று.

இவற்றுள் 1993, 1999ஆம் ஆண்டுப் பதிப்புகளில் புதிய உழைப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ஆயின் 2006இன் பின்னர் தரவிறக்கமாக விற்கப்பட்டவை பெரும்பாலும் அதே பழைய 40 கிலோபைற்றே. பழைய கருவியைப்போலத் தொழிற்படும் எமுலேட்டர் என்னும் மென்பொருளொன்று எழுதப்படுகின்றது. அதனுள் பழைய விளையாட்டு மாற்றமின்றி ஓடுகின்றது. எமுலேட்டரை எழுதுவது திறமையான உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒருமுறை எழுதப்பட்டதும் அக்கருவிக்குரிய விளையாட்டுகள் அனைத்தும் அதனுள் ஓடத்தக்கன. உழைப்பு ஒருமுறை, விலையோ ஒவ்வொரு விளையாட்டுக்கும், ஒவ்வொரு வாங்குபவருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே. 3டீஎஸ்ஸில் வாங்கியவர் அதனை வீ யூவில் விளையாட முடியாது. இரண்டும் ஒரே கம்பனியின் கருவிகள், இரண்டும் ஒரே காலத்தில் விற்பனையில் இருந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. வீயில் வாங்கியவருக்கு வீ யூவில் ஒரு சலுகை இருந்தது. ஃபமிகொம் காலத்து விளையாட்டொன்றுக்கு அவர் 1 டொலர் செலுத்தினாற் போதும். ஏற்கெனவே தமக்குரியதெனக் கருதிய ஒன்றைத் தமக்குரியதென்று கம்பனி ஏற்றுக்கொள்வதற்காக அவர் செலுத்தும் கட்டணம் இது. சலுகை என்ற சொல் இங்கு பெறும் பொருள் சற்று விநோதமானதே.

மார்க்ஸ், மூலதனத்தின் முதலாம் பாகத்திலே (1867), இயந்திரத்தின் தேய்மானம் இருவகைப்படும் என்று காட்டினார். ஒன்று, பாவனையாலும் துருவாலும் ஏற்படும் பௌதிகத் தேய்மானம். மற்றையது, அதனினும் மலிவானதோ சிறந்ததோ ஆன இயந்திரம் வரும்போது, பழுதற்ற நிலையிலேயே அது பெறுமதி இழத்தல். அங்கு இந்த இரண்டாம் வகை, முதலாளிகளுக்கிடையிலான போட்டியின் விளைவாக, முதலாளியையே அச்சுறுத்தும் ஒன்றாகும். வீடியோ விளையாட்டிலோ நிலைமை தலைகீழாகின்றது. பழைய கருவியைச் செய்தவரும் புதியதைச் செய்பவரும் ஒரே கம்பனியார். பெறுமதி இழப்பு வாங்குபவரின் வீட்டில் நிகழ்கின்றது. அதனால் விளையும் இலாபம் விற்பவரிடம் சேர்கின்றது. விளையாட்டுக்கு எதுவும் ஆகவில்லை. அதனைத் திறக்கும் சாவி மட்டும் செல்லாததாக்கப்படுகின்றது.

இது தொழினுட்பத்தின் தவிர்க்கமுடியாத விளைவு எனச் சிலர் வாதிடுவர். கருவிகளின் உள்ளமைப்பு தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடுவது உண்மையே. ஆனால் வரலாறு இவ்வாதத்திற்கு முழுமையாக இடமளிக்கவில்லை. சோனி கம்பனி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 2, முந்திய கருவியின் இறுவட்டுகளையும் ஏற்றது. பிளேஸ்டேஷன் 3இன் தொடக்ககால மாதிரிகள் பிளேஸ்டேஷன் 2இன் இறுவட்டுகளை ஏற்றன. செலவைக் குறைக்கும்பொருட்டு, பின்வந்த மாதிரிகளிலிருந்து அவ்வசதி நீக்கப்பட்டது. 2011இல் அதே பிளேஸ்டேஷன் 3இன் இணையக் கடையில் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகள் தரவிறக்கமாக விலைக்கு வந்தன. வீட்டிலிருந்த இறுவட்டை வாசிக்க மறுத்த அதே கருவி, அதிலிருந்த விளையாட்டை விற்க முன்வந்தது. மறுபுறம், மைக்ரோசொஃப்ட் கம்பனி 2015இல் எக்ஸ்பொக்ஸ் 360இன் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைப் புதிய கருவியில் ஓடச்செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, பழைய இறுவட்டை வைத்திருந்தோர் மீண்டும் பணம் செலுத்தவேண்டியிருக்கவில்லை. இதனைப் பெருந்தன்மையென்று கொள்ளவேண்டியதில்லை. அன்று அக்கம்பனி சந்தையில் பின்தங்கியிருந்தது. போட்டியில் முந்தியவரிடம் இயலாமையாக இருப்பது பிந்தியவரிடம் இயன்றதாகிவிடுகின்றது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

ஏட்டுச்சுவடி மரபை அறிந்த எமக்கு இவ்விடத்து ஓர் ஒப்பீடு தோன்றுவது இயல்பே. ஓலை செல்லரிக்கும், ஆகவே சில தலைமுறைகளுக்கொருமுறை நூல் படியெடுக்கப்படவேண்டியிருந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தமை போன்ற முயற்சிகள், அழியும் ஓலையிலிருந்து அழியாத அச்சுக்கு நூலை மாற்றிய உழைப்பாகும். அங்கு பொருள் அழிந்தது, ஆகவே படி தேவையாயிற்று. இங்கோ எண்ம வடிவிலான பிரதி எத்தனை முறை படியெடுத்தாலும் ஓர் எழுத்தும் குன்றாது. படியெடுக்கும் செலவும் இல்லையென்றே கூறலாம். அழியாத ஒன்றுக்கு அழிவு வெளியிலிருந்து ஏற்பாடு செய்யப்படுகின்றது.

வால்டர் பெஞ்சமின் 1930களில், இயந்திரவழி மறுவுற்பத்தி கலைப்பொருளின் தனித்துவ ஒளிவட்டத்தை நீக்கி அதனை வெகுசனங்களுக்கு அண்மையாக்கும் என எதிர்பார்த்தார். மறுவுற்பத்தி எல்லையற்றதாகிய பின்னர், மூலதனம் அருமைப்பாட்டைச் செயற்கையாக மீளப் படைக்கும் என்பது அவர் காணாதது. மூன்று பழைய மாரியோ விளையாட்டுகளின் தொகுப்பொன்று 2020 செப்ரெம்பரில் வெளிவந்து, 2021 மார்ச் 31உடன் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பெட்டியில் அடைத்த பிரதி தீர்ந்துபோகலாம். தரவிறக்கப் பிரதி எவ்வாறு தீரும்? அதுவும் அதே நாளில் ‘தீர்ந்தது’. நாளை கிடைக்காது என்ற அச்சம் இன்றே வாங்கச்செய்கின்றது. ஏற்கெனவே வைத்திருப்பவரையுங்கூட.

இனி, ஏக்கம் பற்றிய வினாவுக்கு மீள்வோம். நாவலைப் போலன்றி, விளையாட்டு விளையாடுபவரின் கைகளாலேயே நிறைவுபெறுகின்றது. முதலாம் கட்டத்தின் முதற் பள்ளத்தை எப்போது தாண்டுவது என்பதை நூறுமுறை விழுந்தே ஒருவர் கற்கின்றார். அப்பயிற்சி அவருடைய உடலிலே படிந்துள்ளது. கம்பனியின் மென்பொருளும் அவருடைய மணித்தியாலங்களும் சேர்ந்தே அந்நினைவைப் படைத்தன. மறுவெளியீட்டின் பயன்பெறுமதி பெரும்பாலும் அந்நினைவிலேயே தங்கியுள்ளது. அதனை முன்பு அறியாத ஒருவருக்கு 1985ஆம் ஆண்டு விளையாட்டு அத்துணை கவர்ச்சியுடையதன்று. ஆகவே தமது பங்கும் சேர்ந்து உருவான ஒன்றுக்கே வாங்குபவர் மீண்டும் விலைகொடுக்கின்றார். ஏக்கம் பொய்யானதன்று, மெய்யானதாக இருப்பதனாலேயே அதன்மீது வரி விதிக்க முடிகின்றது.

மறுவிற்பனையின் வருவாய் படைத்தவர்களிடம் செல்கின்றதா என்று கேட்பது நியாயம். விளையாட்டுகளை ஆக்குவோர் பெரும்பாலும் கூலி உழைப்பாளர்; ஆக்கம் கம்பனியின் சொத்து. அமெரிக்காவின் அட்டாரி கம்பனியில், தம் பெயரும் உரிய பங்கும் மறுக்கப்பட்ட நிரலாளர் சிலர் வெளியேறி 1979இல் அக்டிவிஷனை நிறுவினர். அதே கம்பனியின் வாரன் ரொபினெட், ‘அட்வெஞ்சர்’ என்ற தமது விளையாட்டினுள் ஓர் இரகசிய அறையில் தம் பெயரை மறைத்துவைத்தார். முதல் சுப்பர் மாரியோ பிரதர்ஸில் ஆக்கியோர் பெயர்ப்பட்டியலே இல்லை. இறந்த உழைப்பு மீண்டும் மீண்டும் உயிருள்ள பணத்தை ஈட்டுகின்றது. உழைத்தவர் பெயரளவிலேனும் அங்கு இல்லை.

இப்போக்கு இன்று பெருந்தொகையான முதலீட்டின் அடிப்படையாகிவிட்டது. ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5’ 2013, 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு கருவிகளுக்கு வந்து 20 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. இது பிரதிகளின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கை அன்று. 2011இல் வெளியான ‘ஸ்கைரிம்’ ஓயாது மறுவெளியீடு பெறுவது பற்றி 2018இல் வினவப்பட்டபோது, அதன் இயக்குநர் டொட் ஹவர்ட், நிறுத்தவேண்டுமாயின் வாங்குவதை நிறுத்துங்கள் என்ற பொருள்பட நகைச்சுவையாகப் பதிலிறுத்தார். நகைச்சுவைதான், ஆயினும் சந்தையின் தத்துவம் முழுவதும் அதில் உண்டு. நிர்ப்பந்தம் தெரிவாகத் தோற்றமளிக்கின்றது.

அடுத்த கட்டம், பண்டத்தை விற்பதையே கைவிடுவதாகும். 2018ஆம் ஆண்டுச் சந்தா ஏற்பாட்டில் பழைய விளையாட்டு, பணம் செலுத்தும் வரை மட்டுமே இருக்கும். இதனை விற்பனை என்பதிலும் குத்தகை என்பதே பொருந்தும். நிலத்தின் சொந்தக்காரர் நிலத்தில் உழைக்காமலே பெறும் வாரத்தை இது ஒத்தது. விற்பனையென்ற பெயரில் நடப்பதும் இதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. யூபிசொஃப்ட் கம்பனி 2014இல் விற்ற ‘தி குரூ’ என்ற காரோட்ட விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் 31இல் மூடப்பட்டதும், இறுவட்டை வாங்கி வைத்திருந்தோரும் அதனை விளையாட முடியாதவராயினர். வாங்கியது விளையாட்டையன்று, வரையறுத்த அனுமதியையே என்பது கம்பனியின் நிலைப்பாடு. கலிபோர்ணியா மாநிலம் 2024இல் இயற்றி 2025 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், தரப்படுவது உரிமமே என்று தெளிவுறக் கூறாமல் ‘வாங்குக’ என்ற சொல்லை எண்மக் கடைகள் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. சட்டம் உறவை மாற்றவில்லை. அதற்கு உரிய பெயரை வைத்திருக்கின்றது. இவ்வுறவையே மாற்றுமாறு கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவொன்று 2025 யூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தமை, விளையாடுவோர் தம் நிலையை உணரத் தொடங்கியுள்ளனர் என்பதற்குச் சான்றாகும்.

திரும்பத் திரும்ப விற்கப்படுவன எவை என்பதையும் நோக்குதல் வேண்டும். இலாபம் உறுதியானவை மட்டுமே அந்தப் பேற்றினைப் பெறுகின்றன. வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் என்ற அமெரிக்க அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 சதவீதமானவை எவ்வடிவிலும் விற்பனையில் இல்லை. ஒரு மாரியோ பத்துமுறை விற்கப்படும் சந்தையிலேயே, பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஒருமுறையேனும் வாங்கமுடியாதனவாகவும் உள்ளன. இத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்வதற்கு விதிவிலக்குக் கோரப்பட்டபோது, கம்பனிகளின் சங்கம் அதனை எதிர்த்தது. பழைய விளையாட்டுகளின் சந்தை பாதிக்கப்படும் என்பது அத்தரப்பின் வாதங்களுள் ஒன்று. 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. விற்பனையில் இல்லாத ஒரு விளையாட்டைப் பற்றி எழுத முனையும் ஆய்வாளர், அதனை வைத்திருக்கும் நூலகத்திற்கு நேரிற் சென்று, அக்கட்டடத்தினுள் அமர்ந்தே அதனை விளையாடிப் பார்த்தல் வேண்டும்.