துப்பாக்கியும் கட்டளையும்

மே மாதத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. பங்குக் குருக்களும் சில நாள் ஓய்வுக்காக மலைப்பக்கம் செல்வதுண்டு. 2018-ஆம் ஆண்டு நாமும் அவ்வாறு கொடைக்கானல் சென்று, மே 23 அன்று கீழிறங்கினோம். மதுரைப் பேருந்து நிலையத்தில் நாளிதழைப் பிரித்தபோது, முதல் நாள் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூடே பக்கம் முழுவதையும் நிறைத்திருந்தது. நம் பங்கு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்றே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மக்களின் முகத்தைத் தினமும் கைப்பேசியில் கண்டு வந்த பெற்றோர் ஐந்து நாள் அதற்கு வழியின்றித் தவித்தனர்.

நடந்தது என்ன? ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்துக் குமரெட்டியாபுரம் மக்கள் அவ்வாண்டு பிப்ரவரியில் அறப்போராட்டம் தொடங்கினர். அதன் 100-ஆம் நாள் மே 22. அதற்கு முன்னரே 144 தடையுத்தரவு போடப்பட்டிருந்தது. ஆயினும் பனிமய மாதா பேராலயப் பகுதியில் கூடிய மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். தாய்மார் கைக்குழந்தைகளோடு சென்றனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கலகம் செய்யப் புறப்படுகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்வதில்லை. அன்றும் மறுநாளும் நடந்தவற்றால் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17 வயது மாணவி ஒருத்தியும் இருந்தாள். சில நாளில், மே 28 அன்று, ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. அவ்வாணையை ஆறு நாள் முன்னதாகப் பிறப்பித்திருக்கலாகாதா என்று அக்காலத்தில் கேட்காத வீடில்லை.

அவ்வாரம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் நம்மைக் காண வந்தார். அவருடைய மகன் காவலர். “சாமி, மேலதிகாரி சுடு என்றால் என் பிள்ளை என்ன செய்வான்? சுட்டால் பாவம், சுடாவிட்டால் வேலை போகும்” என்று அழுதார். போராடியவர் வீடும் காவலர் வீடும் ஒரே கோயிலில் அடுத்தடுத்த வரிசையில் அமரும் ஊர்கள் நம்முடையவை. ஆகவே இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

இதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு: மேலதிகாரியின் ஆணைப்படி, சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்கக் கூட்டத்தைச் சுடும் படைவீரன் குற்றம் செய்தவனல்லன். 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இதுவே உள்ளது. பலர் முதற்பாதியைப் படித்துவிட்டு நின்றுவிடுகின்றனர். “சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க” என்பதே இதில் உயிர்நாடி. அச்சட்டம் கூறுவதென்ன? முதலில் கலைந்து செல்லும்படி கட்டளையிட வேண்டும். கலையாவிட்டால், கலைப்பதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே பலத்தைப் பயன்படுத்தலாம். கண்ணீர்ப்புகை, தடியடி யாவும் பயனற்றுப் போன பின்னரே துப்பாக்கி. அதுவும் தாழக் குறிபார்த்து.

தூத்துக்குடியில் இறந்தவர்களுள் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்வையிட்ட ராய்ட்டர் செய்தி நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்டது. அவர்களுள் பாதிப் பேர் பின்புறமிருந்து சுடப்பட்டவர்கள். முதுகைக் காட்டி ஓடுகிறவன் யாரைத் தாக்கப் போகிறான்? சுட ஆணையிட்டவர்கள் என முதல் தகவல் அறிக்கைகளில் குறிக்கப்பட்டோர் துணை வட்டாட்சியர்கள். ஒரு மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்த நாளில் இத்துணைப் பெரிய பொறுப்பு இத்துணைச் சிறிய தோள்களில் ஏற்றப்பட்டது வியப்புக்குரியது.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் அம்மையாரின் விசாரணை ஆணையம் 2022 மே மாதத்தில் இறுதி அறிக்கை அளித்தது. அக்டோபரில் அது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. மறைவிடங்களிலிருந்து, தொலைவில் நின்ற மக்களை நோக்கிச் சுட்டதை ஆணையம் கண்டித்தது. உயரதிகாரிகள் உட்பட 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைத்தது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. ஆலை குறித்த வழக்கு இவ்வாறு முடிவுக்கு வந்தது. சுட்டவர்கள் குறித்த வழக்கோ அதன் பின்னும் நீண்டுகொண்டே சென்றது.

அந்தத் தாயாரிடம் அன்று 76-ஆம் பிரிவை முழுவதுமாகப் படித்துக் காட்டினோம். ஒரு தாளில் அதை எழுதித் தரும்படி கேட்டு, மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.