ஏலக்காய் ஊரும் இருபதாம் தேதியும்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். ஏலச்செடி நிற்பது பெரும்பாலும் இடுக்கி மலைச்சரிவில். காயைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, வடநாட்டுக்கு லாரி ஏற்றுவதில் பெரும்பங்கு போடிக்கு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் 2007-லிருந்தே இங்கே நடக்கிறது. திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி விலை கேட்கும் பழக்கம், ஜிஎஸ்டி வருவதற்குப் பத்தாண்டு முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டது. ஆகவே ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதமானால் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே வியாபாரிகளை இடறவைப்பவை வேறு இரண்டு: மாநில எல்லையும் ஏலக்காய்ப் பருவமும்.

முதலில் எல்லை. சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் ₹40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மாநிலத்துக்குள் விற்கும்வரைதான் அந்த வரம்பு செல்லும். போடியிலிருந்து ஒரே ஒரு மூட்டை டெல்லிக்கோ கேரளத்தின் கட்டப்பனைக்கோ விற்றாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து ஒரு சதவீத வரியோடு நிம்மதியாக இருக்கலாம் என்றால், அதிலும் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. தெருமுனைக் கடைக்குப் பொருந்தும் சலுகை, எல்லையோர வியாபாரிக்குப் பொருந்துவதில்லை.

மலைமேல் கேரளப் பக்கம் ஒரு கிடங்கு வைத்து அங்கிருந்தும் விற்பவருக்கு வேலை இரட்டிப்பு. 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் ஒன்று, 32 என்று தொடங்கும் கேரள எண் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி ரிட்டர்ன். தன் கிடங்கிலிருந்து தன் கடைக்கே காய் இறக்கினாலும் சட்டத்தின் கண்ணில் இருவருக்கு இடையே நடந்த விற்பனைதான். பில் போட்டு 5 சதவீத வரி காட்ட வேண்டும். சொந்த உழைப்பிலோ, தன் நேரடி மேற்பார்வையில் ஆள் வைத்தோ பயிர் செய்து, விளைந்ததை விற்கும் விவசாயிக்கு மட்டும் பதிவிலிருந்து விலக்கு. அதுவும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ நடக்கும் தோட்டங்கள் இதில் வராது என்பது பல பங்குதாரர்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்தது பருவம். காய் பறிப்பு ஜூன், ஜூலையில் தொடங்கி ஆண்டின் முடிவு வரை சூடாக ஓடும். கோடையில் சந்தை மந்தம். விற்பனையே இல்லாத மாதத்துக்கு என்ன ரிட்டர்ன் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விற்பனை இல்லாவிட்டாலும் 'நில்' ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். தவறினால் ஒரு நாளைக்கு ₹20, அதிகபட்சம் ₹500. சின்னத் தொகைதானே என்று தோன்றும். வினை அங்கே இல்லை. தொடர்ந்து இரண்டு வரிக் காலத்துக்கு, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் நிலுவையில் இருந்தால், அந்த எண்ணிலிருந்து வெளியே போகும் சரக்கை லாரியில் அனுப்பத் தேவையான இ-வே பில் எடுக்க முடியாதபடி ஜிஎஸ்டி தளம் பூட்டிவிடும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் செய்த அசட்டை, ஜூலையில் லாரி வாசலில் நிற்கும்போது பல்லைக் காட்டும்.

ஏலக்காய்க்கு இந்தப் பூட்டு மற்றச் சரக்குகளைவிடக் கடுமையானது. மாநிலம் தாண்டும் சரக்கு ₹50,000-க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் விலை கிலோ ₹7,000-ஐத் தொட்டபோது, எட்டுக் கிலோப் பைக்கே அது தேவைப்பட்டது.

அபராதக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு வியாபாரி மாதத்தில் ₹10 லட்சத்துக்கு டெல்லிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி ₹50,000. கொள்முதலில் கட்டிய வரி ₹42,000 வரவாகக் கழிந்தால், ரொக்கமாகக் கட்ட வேண்டியது ₹8,000. இருபது நாள் தாமதமானால் நாளுக்கு ₹50 வீதம் தாமதக் கட்டணம் ₹1,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி அந்த ₹8,000-க்கு மட்டும், ஏறக்குறைய ₹79. கட்டணத்தை இன்புட் கிரெடிட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகவே கட்ட வேண்டும்.

ஆயிரம் ரூபாயை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். டெல்லிக்காரர் நினைப்பார். விற்றவர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட்டால்தான், 14-ஆம் தேதி தயாராகும் வாங்கியவரின் 2பி பட்டியலில் அந்த ₹50,000 ஏறும். ஏறாவிட்டால் அவர் அந்த மாதம் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. போன மாத 3பி பாக்கி இருந்தால் இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-ஐயே தளம் ஏற்காது. இரண்டு முறை இப்படி நடந்தால் அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போகும். அதற்கு அரசு ரசீது தராது.

தேதிகள் இவை: மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 3பி-க்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 20. விற்றுமுதல் ₹5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்; தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அதன் கெடு 22. கடைசி நாளில் உட்காருவது ஆபத்து. 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி தளம் திணறி, ஜிஎஸ்டிஆர்-1 கெடு 13-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. நாடு முழுக்கத் தளம் படுத்தால் தேதி நீளும். ஒரு கடையின் இணையம் மட்டும் படுத்தால் நீளாது.

ஆடிட்டர் ஊரில் இல்லை, பில் ஒன்று வரவில்லை என்று ரிட்டர்ன் தள்ளிப்போகும் நிலை வந்தால், வரிப் பணத்தையாவது கெடுவுக்குள் தளத்திலுள்ள ரொக்கப் பேரேட்டில் போட்டுவிடலாம். 2024 ஜூலையிலிருந்து, அப்படிப் போட்டு எடுக்காமல் வைத்த தொகைக்கு வட்டி இல்லை. தாமதக் கட்டணம் மட்டும் உண்டு. நில் ரிட்டர்னுக்குக் கணினியே வேண்டாம். பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஆறு இலக்க எண் வரும். அதைத் திருப்பி அனுப்பி உறுதி செய்தால் முடிந்தது. இணையம் சரியாக எட்டாத தோட்டத்திலிருந்தும் இதைச் செய்யலாம்.

அதற்குத் தளத்தில் பதிந்திருக்கும் எண் வியாபாரியின் எண்ணாக இருக்க வேண்டும். பல கடைகளில் அது கணக்கெழுதுபவரின் எண்ணாகவே கிடக்கிறது. அவர் வேலையை விட்டால் ஓடிபியும் அவரோடு போய்விடும். சீசன் தொடங்குமுன் ஒருமுறை தளத்தில் நுழைந்து எண்ணைச் சரிபாருங்கள், நிலுவை எதுவும் உண்டா என்றும் பாருங்கள். மூன்றாண்டு தாண்டிய பழைய ரிட்டர்னை அபராதத்தோடு கட்ட முன்வந்தாலும், 2025-லிருந்து தளம் வாங்குவதில்லை.