சுண்டைக்காயும் சுமைகூலியும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழமொழி என்பது பிள்ளைகளுக்கு வியாசம் எழுதக் கொடுப்பதற்கு மட்டும் உபயோகமான வஸ்து என்று உபாத்தியாயர்களாகிய நாமே சில சமயம் எண்ணிவிடுகிறோம். சென்ற சித்திரை மாதத்தில் நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, அந்தப் பழமொழியைச் சொன்னவர் கட்டாயம் ஒரு பழைய மோட்டார் வண்டி வைத்திருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் வானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம், நடுநடுவே கரிசல். மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய். பெய்யாவிட்டால் வேலிக்கருவேலை வெட்டிக் கரி சுடுவதுதான் பிழைப்பு. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் கண்டவர்கள் மல்லிகை வைத்திருக்கிறார்கள். அரும்பு மிகுந்ததால்தான் ஊருக்கு அருப்புக்கோட்டை என்று பெயர் வந்தது என்பாரும் உண்டு.

மல்லிகை மகா அவசரக்காரப் புஷ்பம். விடியுமுன் பறித்து, மொட்டு விரிவதற்குள் மதுரைச் சந்தை சேர்த்தால் பணம். விரிந்துவிட்டால் வெறும் வாசனை. ஆகையால் நமது நண்பர் பன்னிரண்டு வருஷத்துப் பழைய 'குட்டியானை' ஒன்று வைத்துக்கொண்டு, தம் தோட்டத்துப் பூவோடு அக்கம்பக்கத்துப் பூவையும் ஏற்றிச் சென்று வந்தார். சித்திரையில் பூ பொங்கி வந்த சமயம் பார்த்து, காரியாபட்டி அருகே அந்த யானை படுத்துவிட்டது. கியர்ப் பெட்டி உடைந்து போயிற்று.

இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்

அருப்புக்கோட்டைப் பட்டறைக்காரர் வண்டியின் வயிற்றுக்கடியிலிருந்து எழுந்து வந்து, "அண்ணாச்சி, இதைச் சரிபண்ணுவதற்குப் பதில் வேறு பெட்டி போட்டுவிடலாம். புதிது கட்டாது, பழையது வாங்குங்கள்" என்றார். மதுரையில் விசாரித்ததில் 13,000 ரூபாய் சொன்னார்கள். சென்னைப் புதுப்பேட்டை பழைய மோட்டார் சாமான்களுக்குப் பேர்போன இடமல்லவா? அங்கே ஒரு கடைக்காரர் டெலிபோனில் 11,000 ரூபாய் சொன்னார். "எல்லாம் ஒரே மாடல்தான் சார். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்" என்று அபயமும் கொடுத்தார். இரண்டாயிரம் மிச்சம் என்று நண்பர் உடனே பணத்தை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. பட்டறைக்காரர் கண்ணைத் திறந்துகொண்டே மாட்டிப் பார்த்தார்; சேரவில்லை. உள்ளே நுழையும் தண்டின் பற்கள் எண்ணிக்கையில் வித்தியாசம். அந்த வண்டி வெளிவந்த வருஷத்தைக் கடைக்காரரும் கேட்கவில்லை, நண்பரும் சொல்லவில்லை. பெட்டியைத் திருப்பியனுப்பி, 'கழிவு' என்று ஆயிரம் ரூபாய் பிடித்தம் கொடுத்து, வேறொன்று தருவித்து, ஒன்பதாம் நாள்தான் வண்டி அசைந்தது.

நண்பர் ஒரு பழைய டயரியில் எழுதி வைத்திருந்த கணக்கை நாம் வாங்கிப் பார்த்தோம். முதல் தடவை: சென்னையில் மரச்சட்டம் அடித்து ஷெட்டுக்குக் கொண்டு சேர்க்க 650 ரூபாய், லாரிக் கூலி 620, அருப்புக்கோட்டை ஷெட்டில் இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுவர 250, ஆக 1,520. திருப்பியனுப்ப 870. பிடித்தம் 1,000. இரண்டாம் தடவை மறுபடி 1,520. பூவை மதுரைக்கு அனுப்ப வேறொருவர் வண்டிக்கு நாளொன்றுக்கு 600 வீதம் ஒன்பது நாளைக்கு 5,400. எல்லாம் கூட்டினால் 10,310 ரூபாய். சாமானின் விலையோ 11,000!

கணக்கை முடித்தபோது நண்பரின் மனைவியார் காப்பி கொண்டுவந்து வைத்து, "ஏங்க, இரண்டாயிரம் மிச்சம் என்றீர்களே, அது எந்த லாரியில் வருகிறது?" என்று கேட்டார். நண்பரும் நாமும் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூலி எங்கே ஒளிந்திருக்கிறது?

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த 10,310 ரூபாயில் லாரிக்காரர் மூன்று தடவைக்கும் சேர்த்து வாங்கிய கூலி 1,860 ரூபாய்தான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'தூரம் அதிகம், ஆகையால் செலவு அதிகம்' என்று நாம் தூரத்தின்மேல் பழி போடுகிறோம். தூரம் பாவம்! சென்னையிலிருந்து அருப்புக்கோட்டை வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு 620 ரூபாய். ஷெட்டிலிருந்து பட்டறைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு 250 ரூபாய். சாமான் ஓடும்போது செலவு குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் செலவு. பெரிய சாலையில் ஒரே லாரியில் நூறு பேர் சாமான் போவதால் டீஸலும் டிரைவர் சம்பளமும் நூறாகப் பங்கிடப்படுகின்றன. கடைசி இரண்டு கிலோமீட்டரில் பங்காளி யாரும் இல்லை.

லாரி திரும்பிப் போகும்போது பாரம் கிடைக்குமா என்பதும் கூலியைத் தீர்மானிக்கிறது. வெறும் வண்டியாய்த் திரும்ப நேர்ந்தால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விடியும். கரியும் மிளகாயும் பருத்தியும் வெளியே போகும் பருவத்தில் ஒரு விதமாகவும், மற்ற மாதங்களில் வேறு விதமாகவும் பேசுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சாமானைத் தராசில் நிறுத்துக் கூலி கேட்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். பல கம்பெனிகள் தராசோடு கூட அளவுகோலையும் எடுத்துக்கொள்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து வரும் எடையையும், உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி வாங்குவார்கள். விமான மார்க்கத்தில் அனுப்பும் கூரியர்களுக்கு அந்த எண் வழக்கமாக 5000. தரை மார்க்கத்தில் வேறுபடும். கார்க் கதவு ஒன்றைக் கட்டினால் 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம், 25 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3,00,000, வகுத்தால் 60 கிலோ. தராசிலோ அது இருபது கிலோதான். ஆகவே கனத்த கியர்ப் பெட்டியைவிட லேசான கதவும் மட்கார்டும் தூரத்திலிருந்து தருவிக்க அதிகச் செலவு பிடிக்கும். கதவு, பானட் வகையறாக்களை முதலில் உள்ளூரில் தேட வேண்டும்; சிறிதாயும் விலை மிகுந்ததாயும் இருப்பவற்றை எங்கிருந்தும் தருவிக்கலாம்.

கடலும் கரிசலும்

கடல்வழியிலும் இதே நியாயந்தான். ஜப்பானில் கழித்த மோட்டார்களின் என்ஜின்களும் கதவுகளும் கப்பலேறி, பாரசீக வளைகுடாவிலுள்ள ஷார்ஜாவில் வந்து குவிந்து, அங்கிருந்து ஆப்பிரிக்க தேசங்களுக்குப் போகின்றன. ஒரே கப்பல் ஆயிரக்கணக்கான இரும்புப் பெட்டிகளைச் சுமப்பதால் அது கட்டுபடியாகிறது. (நம் தேசத்தில் பழைய பாகங்களை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும்.) ஆனால் 2021-இல் நோய்த்தொற்றுக் காலத்து நெருக்கடியில் நாற்பது அடிப் பெட்டி ஒன்றின் கூலி உலகச் சராசரியில் 10,000 டாலரைத் தாண்டிற்று, 2019-இல் அது 2,000 டாலருக்கும் குறைவு. சமுத்திரத்தின் அகலம் அந்த இரண்டு வருஷத்தில் ஓர் அங்குலமும் கூடவில்லை. காலிப் பெட்டிகள் வேண்டிய இடத்தில் இல்லை, கேட்பவர்கள் பெருகினார்கள், அவ்வளவுதான்.

கூலி என்பது மைல் கணக்கு மட்டுமன்று என்பதை நம் பக்கத்தார் வெகு காலத்துக்கு முன்பே அறிவார்கள். அருப்புக்கோட்டை வழியாகப் போகும் சாலை தூத்துக்குடியில் போய்ச் சேர்கிறது. அங்கேதான் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். கொழும்புக்குக் கப்பல் விட்டதும், அதுவரை போட்டியின்றி ஓட்டிவந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் இனாம் தந்தது என்பார்கள். போட்டியிருந்த வரையில்தான் அந்தத் தயாளம். மதுரைச் சாலையில் லாரிகள் பல, கூலியும் நியாயமாயிருக்கிறது. திருச்சுழிக்கு அப்பால் உள்ளே போகும் கிராமத்துக்கு ஒரே ஒரு வண்டி. அவர் கேட்டதுதான் கூலி.

செய்ய வேண்டியவை

முதலாவது, பழைய பாகம் வாங்கும் முன் வண்டியின் வருஷம், சேஸிஸ் எண், உடைந்த பாகத்தில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் படம் பிடித்து அனுப்பி, கடைக்காரரிடமிருந்தும் படம் கேட்டு, பட்டறைக்காரரிடம் காட்டிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். சேராவிட்டால் திருப்பியனுப்பும் கூலி யாருடையது என்பதை எழுத்தில் பெற வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. நண்பருக்கு இது இல்லாததால் போன தொகை நேயர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கியர்ப் பெட்டியிலும் என்ஜினிலும் உள்ள எண்ணெயை வடித்து, துவாரங்களை அடைத்து, மரச்சட்டத்தில் கட்டச் சொல்ல வேண்டும். ஒழுகும் எண்ணெய் அடுத்தவர் ஜவுளி மூட்டையைக் கெடுத்தால் வீண் வழக்கு.

மூன்றாவது, லாரி ரசீதில் சாமானின் உண்மை மதிப்பை எழுதச் சொல்ல வேண்டும். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும், அதிகப் பொறுப்புக்கென்று தனிக் கூலி கட்டாத சாமான் கெட்டாலோ தொலைந்தாலோ, கூலியைப்போல் பத்து மடங்குக்கு மேல் கிடைக்காது என்கின்றன. அதுவும் எழுதிய மதிப்புக்கு உட்பட்டுத்தான். 620 ரூபாய்க் கூலிக்கு 6,200 ரூபாய். 11,000 ரூபாய்ச் சாமானுக்கு அது போதாது.

நான்காவது, புதிய பாகத்தின் விலையையும் மறுபடி விசாரிக்க வேண்டும். மோட்டார்ப் பாகங்கள் பலவற்றின் மேலிருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழையதோ புதியதோ, லாரிக்காரர் ஒரே கூலிதான் வாங்குகிறார். எனவே விலை வித்தியாசம் சுருங்கச் சுருங்கப் பழையதைத் தூரத்திலிருந்து தருவிப்பதில் பொருளில்லை. பிரேக், டயர் போன்ற உயிர் காக்கும் பாகங்களை எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் பழையதாய் வாங்கலாகாது.

கடைசியாக, காத்திருக்கும் நாளுக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டும். நண்பர் மதுரையிலேயே 13,000 கொடுத்திருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வண்டி ஓடியிருக்கும். மல்லிகைக்காரருக்குச் சித்திரை எப்படியோ, டிராக்டர் வைத்திருக்கும் மானாவாரிக் குடியானவருக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் அப்படி. ஈரம் காயுமுன் விதைக்காதவனுக்கு, பாகத்தில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் எதற்கு ஆகும்?

இரண்டாவது மகா யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் பக்கத்துப் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. அன்று கைகொடுத்தது உள்ளூர்ப் பட்டறைக்காரர்களின் சாமர்த்தியம். இன்றும் ஒரு நல்ல கடைசல் பட்டறை, ஐந்நூறு கிலோமீட்டர்ப் பிரயாணத்தை எத்தனையோ தடவை மிச்சப்படுத்தும். ஊரில் ஒரே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அடிக்கடி தேய்கிற பாகங்களை ஒரே பாரமாகத் தருவித்து வைத்துக்கொண்டால் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் பங்காகிவிடும்.

நண்பர் இப்போது அதைத்தான் செய்திருக்கிறார். அவர் தோட்டத்து மோட்டார் ரூமில் மூன்று குட்டியானைக்காரர்களின் பொதுச் சொத்தாக ஒரு பழைய கிளட்ச் தட்டும் டைனமோவும் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. சாக்கின்மேல் வண்டியின் வருஷத்தையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பவர் அவருடைய மனைவியார்.