கோடைத் தோட்டமும் கிணற்று நீரும்



வீட்டு வளவிலே தோட்டஞ் செய்வோர் தாம் பெற்ற வெற்றிகளையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். நீண்டு தொங்கும் புடோலங்காயை அயலவருக்குக் காட்டுவர். வேலி ஓரத்திலே வாடிக்கிடக்கும் மிளகாய்க் கன்றைப் பற்றிப் பேசமாட்டார். நான் இன்று இரண்டையுமே சொல்ல எண்ணுகின்றேன். யாழ்ப்பாணத்துக் கோடையிலே மூன்று ஆண்டுகள் தோட்டஞ் செய்து நான் அடைந்த பயனும் இழப்பும் எவை, அவற்றுக்குக் காரணம் யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

2022ஆம் ஆண்டை நம் நாட்டவர் எளிதில் மறக்கமாட்டார்கள். எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு நிலவிய அவ்வாண்டின் யூன் மாதத்திலே, வீடுகளிற் பயிர் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது. அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றிய நானும் அவ்விடுமுறையைப் பெற்றேன். பேனா பிடித்துப் பழகிய கை அன்றுதான் முதன்முதலாக மண்வெட்டியைப் பிடித்தது. எங்கள் வீடு வலிகாமத்திலே, செம்பாட்டு மண்ணுள்ள ஒரு கிராமத்தில் உள்ளது. வீட்டின் பின்புறத்திலே அரைப் பரப்பு நிலமும் அதன் ஓரத்திலே ஒரு கிணறும் உண்டு. அவை இரண்டுமே என் மூலதனம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஆண்டொன்றிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையிலாகும். அதன் பெரும்பகுதி ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையுள்ள மாரி மாதங்களிலே பெய்துவிடுகின்றது. மே மாதந் தொடக்கம் வீசும் சோளகக் காற்று, தான் சுமந்துவந்த மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே வடக்கை வந்தடைகின்றது. அக்காற்று மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சுகின்றது. ஆகவே, கோடையிலே நாம் செடிக்கு வார்க்கும் ஒவ்வொரு வாளி நீரும் சென்ற மாரியின் மழைநீரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை நான் ஏட்டிலே படித்திருந்தேன், மனத்திற் பதித்துக்கொண்டேனல்லேன்.

முதலாவது கோடையிலே யூரியா முதலிய பசளைகள் கிடைப்பது அரிதாயிருந்தது. கிடைத்த விதைகளை வைத்தே தொடங்கினேன். இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து நட்ட வெண்டி விதைகள் ஒரு வாரத்துள் முளைத்து, ஏறக்குறைய 50 நாளிற் காய்க்கத் தொடங்கின. வெண்டி வெயிலை விரும்பும் பயிர். பூ மலர்ந்து ஐந்தாறு நாளுக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் நார் முற்றிவிடும். கீரை ஒரு மாதத்துக்குள் கறிக்கு உதவியது. பந்தலில் ஏறிய பயிற்றையும் ஏமாற்றவில்லை.

தக்காளியோ என்னை முற்றாகக் கைவிட்டது. செடிகள் செழித்து வளர்ந்தன, பூக்களும் நிறைந்தன, ஆயின், காய் பிடியாமல் அவை உதிர்ந்தன. நீர் போதவில்லை என எண்ணி மேலும் நீர் வார்த்தேன். அதனாற் பயன் இல்லை. குறை நீரிலன்று, பருவத்திலே இருந்தது. இரவு வெப்பம் 24 பாகை செல்சியசுக்கு மேல் நீடிக்குமாயின், தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்து, காய் பிடித்தல் குன்றிவிடும். எங்கள் கோடை இரவுகள் பெரும்பாலும் அவ்வெல்லையைக் கடந்தவை. மாரியின் ஈற்றிலே, மார்கழி தைக் குளிர்ச்சியிற் பூக்குமாறு நடவேண்டிய செடியைக் கோடையிலே நட்டது என் தவறு.

இரண்டாவது கோடை 2023ஆம் ஆண்டினது. யூரியா மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டது. முன்னைய ஆண்டின் சிறு விளைவு என் மனத்திலே பேராசையை மூட்டியது. அரைப் பரப்பு முழுவதையும் பாத்திகளாக்கி மிளகாயும் கத்தரியும் நட்டேன். கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரத்தைப் பொருத்தினேன். ஆளியை அழுத்தினால் வாய்க்காலிலே நீர் பாய்ந்தது. துலாவிலே பட்டை கட்டி இறைத்த காலத்திலே மனிதனின் தோள்வலிமை நீருக்கு ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்கோ அவ்வாறான களைப்பு இல்லை. யூரியாவையும் அளவறியாது, கைப்பிடி கைப்பிடியாகத் தூவினேன். ஆவணி மாதத்திலே என் தோட்டம் கண்கொள்ளாக் காட்சியாயிற்று; இலைகள் கரும்பச்சையாகப் படர்ந்தன. வழியிற் போவோர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தனர்.

பக்கத்து வளவிலே எண்பது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர் இருக்கின்றார். அவரும் ஒருநாள் எட்டிப் பார்த்தார். புகழ்ந்து ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்து நின்றேன். அவரோ, "தம்பி, கண்டெல்லாம் வடிவாத்தான் நிக்குது. கிணத்துக்கை எட்டிப் பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சென்றார். கன்றைப் பார்த்தேனேயன்றிக் கிணற்றை நான் பார்த்ததில்லை.

முதலில் வந்தது பூச்சி. நைதரசன் மிகுந்தால் இலையும் தளிரும் மென்மையாகி, சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்தாகிவிடும். இலைப்பேனும் சிற்றுண்ணியும் மிளகாயைப் பற்றின, இலைகள் சுருண்டன, இரண்டு கிழமைக்குள் பாதிக் கன்றுகள் பயனற்றுப் போயின. அடுத்து, பயிற்றையின் இலை விளிம்புகள் தீய்ந்தவைபோற் கருகின. பயிற்றை போன்ற அவரையினப் பயிர்கள் உப்பை எளிதிற் பொறுப்பனவல்ல. அவ்வேளையிலே வீட்டில் தேநீரின் சுவை மாறிவிட்டதென என் மனைவியார் கூறினார்.

இதற்குரிய காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அக்கல்லின் வெடிப்புகள் வழியே மாரி நீர் கீழிறங்கித் தேங்குகின்றது. ஆனால் அதன் அடியிலே கடலின் உவர்நீர் உள்ளது. உவர்நீர் பாரம் கூடியது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆதலால், நன்னீர் ஒரு வில்லையைப்போல உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே, ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே ஆராய்ந்து கண்ட விதி ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அவ்விதி. இதனைத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி அவ்வாறே வைத்திருப்போமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடிவரை மேலேறி வரக்கூடும். நான் ஒருவன் இறைத்ததனால் மட்டும் இது நிகழ்ந்ததன்று. அயலிலுள்ள வளவுகள் பலவற்றிலும் அவ்வாறே இறைத்தனர். நிலத்தின் கீழே வேலி ஏதும் இல்லை.

இவை யாவும் பயிருக்கு நேர்ந்த நட்டங்கள். இவற்றினும் பெரிய கவலையொன்று புரட்டாதி மாதத்தில் வந்தது. பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்த என் மகள் நோயுற்றமையால், இரண்டு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாது, "எந்தத் தண்ணீரிலே கரைக்கிறீர்கள்?" என வினவினார். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே கரைப்பதாகப் பெருமையுடன் விடையளித்தேன். அவர் கிணற்றையும், அதனை அடுத்திருந்த பாத்திகளையும், வெறுமையாய்க் கிடந்த யூரியாப் பையையும் பார்த்தார். அந்நீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாமென்றும், நைத்திரேற்றின் அளவைப் பரிசோதிக்குமாறும் கூறினார். பரிசோதித்தோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லையை எங்கள் கிணறு தாண்டியிருந்தது.

நைத்திரேற்று, பசளையிலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் நிலத்தடி நீரைச் சேருவது. மண் அதனைப் பற்றி வைத்திருப்பதில்லை; நீர் செல்லுமிடமெல்லாம் அதுவுஞ் செல்லும். சின்னஞ்சிறு குழந்தையின் உடலிலே அது வேறொரு பொருளாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அப்போது குழந்தையின் தோல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைப்பதனால் கிருமிகள் இறக்கும், நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். ஒரு கணக்கையும் கேளுங்கள். யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஒரு கிலோகிராம் யூரியாவிலுள்ள நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறி நீரிற் சேருமாயின், ஏறக்குறைய 40,000 லீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுசெல்ல அது போதும். நான் தூவியதோ பல கிலோகிராம். கிணற்றிலே சேர்ந்த அனைத்தும் என் கையாற் சேர்ந்ததென்று கூறமுடியாது. ஆயினும், என் பங்கை நான் மறுப்பதற்கில்லை. நல்வினையாகக் குழந்தைக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை.

மூன்றாவது கோடையிலே, அதாவது 2024ஆம் ஆண்டிலே, தோட்டத்தைக் கைவிட எண்ணினேன். பக்கத்து வளவுப் பெரியவரே தடுத்தார். அவர் காட்டிய வழி எங்கள் முன்னோர் அறிந்த வழியே. கிணற்றை அடுத்த பாத்திகளை அழித்து, தோட்டத்தை வளவின் மறுகோடிக்கு மாற்றினேன். அளவையும் மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். பூவரசங்குழையையும் வேப்பங்குழையையும் வெட்டி மண்ணிலே தாழ்த்தினேன். வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலைகளையும் புதைத்தேன். இவை மெல்ல உக்கி, மெல்லவே பயிரை ஊட்டுவன. செடிகளின் அடியிலே சருகைப் பரப்பி வெயிலை மறைத்தேன். பாகற் கொடிகளின் அருகே மண்முட்டிகளைக் கழுத்தளவாகப் புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தேன். முட்டியின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வேரை நேரே அடைகின்றது. காற்றுக்கு இரையாவது மிகக் குறைவு. கிணற்றுக் கயிற்றிலே முடிச்சுகள் இட்டு, கிழமைதோறும் நீர்மட்டத்தை அளந்து, நாட்காட்டியிலே குறித்தேன். மட்டம் விரைந்து இறங்கிய கிழமைகளில் இயந்திரத்தைத் தொடவில்லை, பூவாளியே துணையாயிற்று.

பூச்சிகளுக்கு, இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிதளவு சவர்க்காரங் கலந்து மாலைவேளையிலே தெளித்தேன். பாகற் பிஞ்சுகளைக் கடதாசிப் பைகளால் மூடிப் பழ ஈயிடமிருந்து காத்தேன். அவ்வாண்டு பாகலும் வெண்டியும் நன்றாகப் பயன் தந்தன. கத்தரியிலே தண்டையும் காயையும் துளைக்கும் புழு புகுந்தது. வாடிய தளிர்களை நாள்தோறும் வெட்டி எரித்தும், ஏறக்குறைய பாதிக் காய்களை இழந்தேன். மொத்த விளைவு 2023ஆம் ஆண்டின் ஆவணியிலே நான் கனவு கண்ட அளவிலே பாதியுமன்று. எனினும், அவ்வாண்டு புரட்டாதியிலே தேநீர் உவர்க்கவில்லை.

அடுத்த மாரிக்குப் பின் நீரை மீண்டும் பரிசோதித்தோம். நைத்திரேற்று குறைந்திருந்தது, எல்லைக்குள் வந்துவிடவில்லை. ஒரு கோடையிலே சேர்த்ததை ஒரு மாரி முற்றாகக் கழுவிவிடும் என நான் நம்பியது பிழை. எங்கள் பேரப்பிள்ளை இப்போது அந்தக் கிணற்றைச் சுற்றி ஓடி விளையாடுகின்றாள். அவள் குடிக்கும் நீரை இன்றும் வெளியிலிருந்தே கொண்டுவருகின்றோம்.

நேயர்களே, வீட்டுத்தோட்டம் செய்யாதீர்கள் என்று நான் கூறவில்லை. செய்யுங்கள், பருவமறிந்து செய்யுங்கள். பாத்தியைக் கிணற்றுக்கு அருகே அமைக்காதீர்கள். பசளையிடுமுன் அளவை அறிந்தவரிடம் கேளுங்கள். வீட்டிலே கைக்குழந்தை இருக்குமாயின், கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். நாளைக் காலையிலே தோட்டத்துக்குச் செல்லும்போது, கன்றுகளைப் பார்க்குமுன் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.