பட்டை நகர்ந்தால் பாரம் நகரும்

அமெரிக்க நாட்டில் 1960-களில் ‘மஸில் கார்’ என்றோர் இனம் தோன்றிற்று. நடுத்தர அளவுள்ள இருகதவுக் காரில், அதன் அளவுக்கு மிஞ்சிய எஞ்சினைப் பொருத்தி, எளிய விலைக்கு விற்பதே அவ்வினத்தின் இலக்கணம். 1968-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பிளிமத் ரோட் ரன்னர் இதற்குத் தக்க சான்று. அதில் 383 கன அங்குல எஞ்சின், 335 குதிரைத்திறன். மேற்கொண்டு பணம் தருவோர்க்கு 425 குதிரைத்திறனுள்ள ‘ஹெமி’ எஞ்சினும் கிடைத்தது. இவ்வளவு வலிவையும் தரையில் இறக்கவேண்டிய டயரோ எஃப்70-14 என்னும் அளவினது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 225 மில்லிமீட்டர் அகலம். விரைந்து கிளம்பினால் வண்டி நகருமுன் டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகையும்.

ஆகவே அக்கார்களைப் போற்றி வைத்திருப்போர் 275 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள டயரை மாட்ட விழைகின்றனர். அங்கே குறுக்கே நிற்பது பின்புற ஸ்பிரிங் பட்டை. அதை உட்புறமாக நகர்த்தும் வேலையைப் பற்றியே இங்குக் கூற முற்படுகிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இதனால் ஆவது என்ன என்று அன்பர்கள் வினவலாம். மகனோ மருமகனோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவர்களுள் பழைய கார் ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் தாமே செப்பனிடுவோரும் உளர். இங்கிருக்கும் பெற்றோருக்கு அது பிள்ளை விளையாட்டாகத் தோன்றும். உண்மையில் அது மனைவி மக்களோடு ஏறிச் செல்லும் வண்டியின் உயிர்நிலையில் கை வைக்கும் வேலை. நாம் ரயில்வே எழுத்தர், சுத்தியல் பிடிப்பவரல்லோம். எனினும் நான்கு சக்கர வேகன்களைத் தாங்கியவை இத்தகைய பட்டைகளே. ஒரு பட்டையில் வெடிப்புக் கண்டால் அவ்வேகனுக்குச் ‘சிக்’ என்று சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவது எம் துறையின் வழக்கம். அக்கண்டிப்பின் காரணத்தை அறிந்தமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

பட்டை செய்யும் வேலைகள்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாஸடர் காரின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தோர் இவ்வமைப்பை அறிவர். நீண்டு வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவே ‘யு’ போல்ட்டுகளால் அச்சோடு பிணைக்கப்பட்டிருக்கும். முன்முனை வண்டியின் உடலில் ஒரு தாங்கியில் நிலையாகப் பூட்டப்படும். பின்முனை ‘ஷாக்கிள்’ என்னும் ஊசல் துண்டில் தொங்கும். பட்டை அமுங்கும்போது நீளுமாதலின் அதற்கு இடந்தரவே அவ்வூசல்.

பட்டை பாரத்தை மட்டும் தாங்குகிறது என்று எண்ணுதல் பிழை. அச்சை முன்பின்னோ பக்கவாட்டிலோ ஓடாமல் பிடித்து நிறுத்துவதும் அதுவே. சக்கரம் தரையை உதைத்து வண்டியைத் தள்ளும் விசை முழுவதும் அப்பட்டையின் முன்முனை வழியாகவே உடலுக்குச் செல்கிறது. மேலும், சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அச்சு எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ள முயலும். அம்முறுக்கையும் பட்டையே தாங்கவேண்டும். 1967-ஆம் ஆண்டின் ஷெவ்ரலே கமாரோவில் பக்கத்திற்கு ஒரே பட்டை இருந்தது. வலிய எஞ்சின் பூட்டிய வண்டிகளில் அது முறுக்குண்டு பின் அச்சு துள்ளலாயிற்று. மறு ஆண்டே அவ்வகைக் கார்களுக்குப் பல பட்டை அடுக்கிய கட்டு அளிக்கப்பட்டது.

எவ்வளவு நகர்த்துவது?

225-லிருந்து 275-க்குச் சென்றால் கூடுவது 50 மில்லிமீட்டர். சக்கரத்தின் நடுக்கோடு மாறாதாயின் உட்புறம் 25, வெளிப்புறம் 25. வெளியே மட்கார்டின் விளிம்பு இடிக்கும். உள்ளே பட்டை இடிக்கும். ஆகவே, முதலில் சக்கரத்தின் உள்வெளி அளவை மாற்றியும், மட்கார்டின் உள்விளிம்பை மடித்தும் இடம் போதுமா என்று பார்த்தல் அறிவுடைமை. போதுமாயின் பட்டையைத் தொடவேண்டா.

போதாதெனில் இரு வழிகள் உண்டு. கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில் முதல் வழி, பட்டையைப் பக்கத்திற்கு அரை அங்குலம் உள்ளே தள்ளுவது. முன் தாங்கியையும் பின் ஷாக்கிளையும் சற்றே விலக்கி அமைத்த உறுப்புகளாக மாற்றி, அச்சின்மேல் உள்ள பட்டைத் தளத்தையும் அவ்வளவே நகர்த்திப் பற்றவைத்தால் போதும். உடலை வெட்டவேண்டியதில்லை.

இரண்டாம் வழி, ஏறக்குறைய மூன்று அங்குலம் நகர்த்திப் பட்டையை உடலின் நெடுஞ்சட்டத்திற்கு நேர் அடியிலேயே கொண்டுபோவது. இதற்குச் சட்டத்தை அறுத்து, முன் தாங்கிக்கு எஃகுப் பெட்டி ஒன்றை உட்புதைத்துப் பற்றவைக்கவேண்டும். பின்முனைக்குக் குழாயொன்று பதிக்கவேண்டும். சக்கரக் கூண்டையும் வெட்டி அகலப்படுத்த வேண்டியிருத்தலின் பின் இருக்கை குறுகும். புகைக்குழாயும் பெட்ரோல் தொட்டியும் தடையாகலாம். அதிர்வு தாங்கிகளுக்கும் புது இடம் காணவேண்டும்.

நகர்த்துவதற்குரிய விலை

இரு பட்டைகளும் விலகி நிற்பது வீணுக்கன்று. காலை அகட்டி நிற்பவனைத் தள்ளுதல் அரிது. ஒட்டி நிற்பவனைத் தள்ளுதல் எளிது. வளைவில் வண்டி சாயாதபடி பட்டைகள் தரும் தடை, அவற்றின் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, இடைவெளி 44 அங்குலம் என்க. பக்கத்திற்கு அரை அங்குலம் நகர்த்தினால் 43. தடையில் நூற்றுக்கு நான்கரை குறையும். மூன்று அங்குலம் நகர்த்தினால் 38; தடையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். சாய்வுத் தடுப்புக் கம்பி பூட்டி இதனை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் ஈடுசெய்யவேண்டும் என்பதை அறியாதவன் முதல் மழைநாளின் வளைவில்தான் அறிவான்.

அச்சுக்கும் சுமை ஏறும். சக்கர நடுக்கோட்டிலிருந்து பட்டை 7 அங்குலத்தில் இருந்து 10 அங்குலத்திற்குச் சென்றால், சக்கரம் இருந்த இடத்திலேயே நிற்குமாயின், அச்சுக் குழாயை வளைக்கும் விசை நூற்றுக்கு 43 கூடும். இக்காரணத்தால் வல்லோர் பெரும்பாலும் அச்சையும் உடன் குறுக்கி, சக்கரத்தையும் உள்ளே கொணர்வர்.

செய்யும் முறை

வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தியபின், உடலின் நடுக்கோட்டைக் குறித்துக்கொள்ளவேண்டும். இரு முன் தாங்கிகளும் அக்கோட்டிலிருந்து சம தூரத்திலும், ஒன்றுக்கொன்று நேராகவும் அமைதல் வேண்டும். ஒருபுறம் சற்று முன்னும் மறுபுறம் சற்றுப் பின்னும் நின்றால் வண்டி நண்டுபோல் ஒருக்களித்தே ஓடும்.

அச்சின் பட்டைத் தளங்களை முதலில் சிறு புள்ளிகளாக மட்டுமே பற்றவைத்து, வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தின்மேல் இறங்கியபின் பினியன் முகத்தின் சாய்வை அளக்கவேண்டும். வேகமெடுக்கும்போது பினியன் மேல்நோக்கி எழுமாதலின், நிற்கும்போது அது சற்றுத் தாழ்ந்திருத்தல் நன்று. அளவு சரியென்று கண்ட பின்னரே முற்றப் பற்றவைக்கவேண்டும். அதனையும் ஒரே மூச்சில் செய்தால் வெப்பத்தால் அச்சுக் குழாய் வளையும். சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும்.

பட்டையின்மேல் மட்டும் ஒருபோதும் நெருப்புப் படலாகாது. பதமேற்றிய எஃகு சூடுபட்டால் பதம் இழக்கும். இழந்தது கண்ணுக்குத் தெரியாது. முடிவில், வண்டி முழுதும் அமுங்கிய நிலையிலும், ஒருபுறம் சாய்ந்த நிலையிலும் டயருக்கும் பட்டைக்கும் இடையே அரை அங்குலமாவது உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

இனி, இங்குள்ள இளைஞர்க்கும் ஒரு சொல். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஜீப்புக்கு அகல டயர் மாட்டித் தெருவில் ஓட்டுவோர் இதனை நினைவிற் கொள்க.

அயல்நாட்டிலிருக்கும் பிள்ளை இவ்வேலையில் இறங்கினால் பெற்றோர் தடுக்கவேண்டா. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு எழுதுக: எத்தனை அங்குலம் நகர்த்துகிறாய்? முன் தாங்கியைப் பற்றவைப்பவர் யார்? சாய்வுத் தடைக்கு என்ன ஈடு செய்தாய்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை வருமாயின் அவன் அறிந்தே செய்கிறான் என்று அமைதி கொள்ளலாம். விடை மழுப்பலாக இருப்பின், அரை அங்குலத்தோடு நிற்கச் சொல்லுக.