டான் ஃபிரேசர் குளம், பால்மெயின்

குளத்தில் தளும்புவது சிட்னித் துறைமுகத்தின் உப்புநீர். ஓதம் ஏற இறங்க, நீர்மட்டமும் மாறும். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியும் இளைப்பு நோய்க்காரியுமான டான் ஃபிரேசர் நீச்சல் பழகியது இங்கேதான்.

1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ: மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் 100 மீட்டர் ஃபிரீஸ்டைல் தங்கம் அவருக்கே. அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் பெண்ணும் அவரே (1962, 59.9 விநாடி).

டோக்கியோவுக்குச் சில மாதங்கள் முன்பு கார் விபத்தில் தாயை இழந்தார். அவருக்கும் கழுத்தில் அடி. அதன் பிறகுதான் மூன்றாவது தங்கம். ஆனாலும் 1965இல் ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் 10 ஆண்டுத் தடை விதித்தது. டோக்கியோ தொடக்க அணிவகுப்பில் நடந்ததும், தனக்கு வசதியான நீச்சலுடையை உடுத்தியதும்கூடக் குற்றமாம்! தடை பின்னர் குறைக்கப்பட்டது. 1988இல் பால்மெயின் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள்.